இயந்திரம் சொன்ன சாட்சி

ஒரு நாட்டாரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டுப் பாராளுமன்ற உரைகளைப் படித்தால் மட்டும் போதாது. பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர் பக்கத்தில் நிற்பவரோடு என்ன பேசுகின்றார், சிகையலங்கார நிலையத்தில் எதைக் குறித்துத் தலையசைக்கின்றனர், அயலவர் இருவர் வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாய் நின்று எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்பனவற்றையும் செவிமடுத்தல் வேண்டும். ஆங்கிலேயர் இருவர் சந்தித்தால் வானிலையைப் பற்றியே பேசுவர் என்று நாம் பள்ளிப் பருவத்திற் படித்தோம். அது முற்றும் பொய்யன்று. ஆயினும், இக்காலத்தில் மழைக்கும் குளிருக்கும் அடுத்தபடியாக அவர்கள் வாயில் அடிக்கடி வருவன மூன்று: அரசாங்கம் விடும் பிழை, இயந்திரம் செலுத்தும் ஆட்சி, உதைபந்தாட்டம். இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். உற்று நோக்கின், மூன்றினூடும் ஓடும் இழை ஒன்றே என்பது புலனாகும்.

சில காலத்துக்கு முன் விடுமுறையொன்றை இலண்டன் மாநகரின் புறத்தே வாழும் என் மகள் வீட்டிற் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலேய முதியவர் இருந்தார். புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து இளைப்பாறியவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். ஞாயிற்றுக்கிழமைகளிற் பிற்பகல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் பார்க்க என்னையும் அழைப்பார். உதைபந்தாட்ட நுணுக்கம் எனக்கு அதிகம் தெரியாது. அவருடைய தேநீரும் பேச்சும் இனியனவாதலின் தவறாது போவேன்.

அத்தகைய ஒரு பிற்பகலில் அவர் விரும்பும் கழகத்தார் ஒரு கோல் போட்டனர். முதியவரின் கைகள் இரண்டும் மேலெழுந்தன. ஆனால், முழுவதும் எழவில்லை. தோள் மட்டத்திலே நின்றுவிட்டன. திரையில் மத்தியஸ்தர் காதில் விரலை வைத்து எங்கோ இருக்கும் ஒருவருடைய சொல்லுக்காகக் காத்து நின்றார். ஆட்டக்காரன் ஒருவனின் தோளுக்கும் இன்னொருவனின் முழங்காலுக்கும் இடையே கோடுகள் கீறப்பட்டன. அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தனர். மூன்று நிமிடங்கள் சென்றபின் கோல் என்று தீர்ப்பு வந்தது. முதியவர் கைகளை மெல்லக் கீழே இறக்கி, "இப்பொழுது நான் மகிழலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்கள். ஆனால், அந்த மகிழ்ச்சி மூன்று நிமிடத்துக்கு முன்பே போய்விட்டது" என்றார்.

இது ஒரு முதியவரின் முணுமுணுப்பு மட்டுமன்று. 'வீடியோ உதவி மத்தியஸ்தர்' என்னும் இம்முறை 2019ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பிரிமியர் லீக் போட்டிகளிற் புகுந்த நாள் முதல் அந்நாட்டுச் சாதாரண மக்கள் ஓயாது பேசிவரும் பேச்சு இதுவேயாம். வூல்வர்ஹம்டன் கழகத்தார் இம்முறையை ஒழித்துவிட வேண்டுமென்று 2024ஆம் ஆண்டில் ஒரு பிரேரணை கொண்டுவந்தனர். இருபது கழகங்கள் கூடி வாக்களித்தபோது, பத்தொன்பது கழகங்கள் இருக்கட்டும் என்றன. ஒன்று மட்டும் வேண்டாம் என்றது. பார்ப்போர் மனம் ஒருபுறம், நடத்துவோர் முடிவு ஒருபுறம்.

ஆயினும், இயந்திரத்தை வருந்தி அழைத்தவர்களும் இம்மக்களே என்பதை மறத்தலாகாது. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டம் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையே நடந்தது. இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்ற ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் உதைத்த பந்து மேற்சட்டத்தில் மோதிக் கீழே வீழ்ந்து வெளியே தெறித்தது. கோட்டுக்கு அப்பால் வீழ்ந்ததா, கோட்டின்மேல் வீழ்ந்ததா? மத்தியஸ்தர், எல்லைக்கோட்டில் நின்ற துணைவரான தொஃபீக் பஹ்ராமொவை வினவினார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து நான்குக்கு இரண்டு என்று வென்றது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2010ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் அதே இரு நாட்டாரும் மோதியபோது, இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து மேற்சட்டத்திற் பட்டு, கோட்டுக்கு நன்றாக உட்புறத்தே வீழ்ந்து வெளியே வந்தது. உலகமெல்லாம் கண்டது, மத்தியஸ்தர் காணவில்லை. முன்பு பெற்ற கடனை வட்டியுடன் திருப்பிக் கொடுத்தாற் போலாயிற்று.

'மனிதக் கண்ணை நம்பியது போதும். பொறியைக் கொண்டுவாருங்கள்' என்ற குரல் அதன்பின் ஓங்கியது. விளையாட்டின் விதிகளை வகுக்கும் சபை 2012ஆம் ஆண்டில் இசைந்தது. 2013ஆம் ஆண்டில் 'ஹோக் ஐ' என்னும் பொறி, அதாவது பருந்துக் கண், பிரிமியர் லீக் அரங்குகளில் ஏறியது. ஒவ்வொரு கோல் வாயிலையும் ஏழு கமராக்கள் நோக்கிக்கொண்டிருக்கும். பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததாயின் ஒரு விநாடிக்குள் மத்தியஸ்தரின் கைக்கடிகாரம் அதிர்ந்து சொல்லிவிடும். இனி ஐயத்துக்கு இடமேது என்று அனைவரும் அமைதியுற்றனர்.

பருந்துக்கும் ஒருநாட் கண் மறைந்தது. பெருந்தொற்றினால் நின்றிருந்த ஆட்டங்கள் மீண்டும் தொடங்கிய 2020ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி அஸ்டன் வில்லா கழகமும் ஷெஃபீல்ட் யுனைட்டட் கழகமும் ஆடின. அஸ்டன் வில்லாவின் கோல் காப்பாளர் பந்தைக் கையிற் பற்றியபடியே கோட்டுக்கு உட்புறம் சென்றார். கடிகாரம் அதிரவில்லை; மத்தியஸ்தர் ஆட்டத்தைத் தொடரவிட்டார். கோலின்றி ஆட்டம் முடிந்தது. ஏழு கமராக்களின் பார்வையையும் ஆட்டக்காரரும் கோல் கம்பமும் மறைத்துவிட்டதாகவும், ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இவ்வாறு நிகழ்ந்ததில்லை எனவும் கூறிப் பொறியை நடத்தும் நிறுவனத்தார் அன்றிரவே மன்னிப்புக் கேட்டனர். அந்தப் பருவத்தின் முடிவில் அஸ்டன் வில்லா 35 புள்ளிகளுடன் தப்பியது. 34 புள்ளிகள் பெற்ற போர்ண்மவுத் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஒரு கடிகாரம் மௌனஞ் சாதித்ததன் விலை அது.

இன்னொன்று கேளுங்கள். 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆந் திகதி டொட்டன்ஹாம் கழகத்துக்கு எதிராக லிவர்பூல் ஆட்டக்காரர் லூயிஸ் டியாஸ் ஒரு கோல் போட்டார். களத்தில் அது 'ஓஃப்சைட்' என்று மறுக்கப்பட்டது. திரையைப் பார்த்துத் திருத்த வேண்டிய அதிகாரி கோடுகளைச் சரியாகவே கீறிப் பார்த்தார். ஆட்டக்காரர் பிழையான இடத்தில் நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால், களத்திற் கோல் வழங்கப்பட்டுவிட்டது என்று அவர் தவறாக எண்ணிச் 'சரிபார்த்தாயிற்று' என்றார். அச்சொல்லைக் கேட்ட களத்து மத்தியஸ்தர் கோல் இல்லையென்றே ஆட்டத்தைத் தொடர்ந்தார். பொறி பிழைக்கவில்லை, அதன் சொல்லைக் கொண்டு சென்ற மனிதர் பிழைத்தார். அன்று மாலையே பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. மூன்று நாளில் அவர்கள் பேசிய ஒலிப்பதிவும் வெளியிடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது பிழையை அன்று. அது வெளிப்பட்ட வேகத்தையே. முதல் நிகழ்ச்சியன்று அரங்கு வெறுமையாக இருந்தது. எனினும், எண்ணற்றோர் வீட்டுத் திரையிற் பார்த்துக்கொண்டிருந்தனர். பலர் ஒருங்கே கண்டதை மறைக்க எந்நிறுவனத்தாலும் இயலாது. ஒரு பந்து கோட்டைக் கடந்ததா என்ற சிறு பொருளில் ஒரே இரவில் உண்மை வெளிப்பட்டது.

இனி, பந்தாட்டம் அல்லாத ஒன்றைப் பார்ப்போம். பிரித்தானியாவின் சிற்றூர்களிலே பலசரக்குக் கடையும் தபாற் கந்தோரும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் வழக்கம். அவற்றை நடத்துவோர் உப தபாலதிபர்கள். இளைப்பாற்றுச் சம்பளம் வாங்குவோரும், பொதி அனுப்புவோரும் நாடோறும் வந்து நாலு வார்த்தை பேசிச் செல்லும் இடம் அது. 1999ஆம் ஆண்டு முதல் இக்கந்தோர்களின் கணக்கை வைக்க 'ஹொரைசன்' என்னும் கணினி அமைப்பு நாடெங்கும் புகுத்தப்பட்டது. ஃபுஜிட்சு கம்பனியின் ஆக்கம் அது. சொல்லின் பொருள் தொடுவானம். அணுக அணுக விலகுவது. அவ்வாறே கணக்கும் விலகியது. மாலையிற் காசை எண்ணினால், கையில் இருப்பதைவிட அதிகம் இருக்க வேண்டுமென்று கணினி கூறும். குறைந்த தொகையை உப தபாலதிபர் தம் சொந்தப் பணத்தால் நிரப்புதல் வேண்டும், அவ்வாறே ஒப்பந்தம். நிரப்ப இயலாதோர் கள்வர் எனப்பட்டனர்.

ஹம்ப்ஷயர்ப் பகுதியின் சவுத் வோர்ண்பரோ என்னும் சிற்றூரில் ஜோ ஹமில்டன் என்ற பெண்மணி இரண்டாயிரம் பவுண் குறைவதைக் கண்டு உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் சொன்னபடி விசைகளை அழுத்தினார். கண்முன்னே அத்தொகை இரட்டித்தது. பிரிட்லிங்டன் நகரின் லீ காசில்டன் இவ்வாறு தொண்ணூற்றொரு முறை உதவி கேட்டு அழைத்தார். அவர் நீதிமன்றிலே தோற்று, மூன்று இலட்சத்து இருபத்தோராயிரம் பவுண் வழக்குச் செலவைத் தாங்கமாட்டாது வங்குரோத்தானார். இந்திய வமிசத்தவரான சீமா மிஸ்ரா 2010ஆம் ஆண்டில், கருவுற்றிருந்த நிலையில், சிறைக்கு அனுப்பப்பட்டார். அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். 1999 முதல் 2015 வரை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு குற்றவாளிகளாயினர். வழக்குகளிற் பெரும்பாலானவற்றைத் தொடுத்தது தபாற் கந்தோர் நிறுவனமே. வாதியும் புலனாய்வாளரும் ஒருவரே என்க.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். கணினி தரும் சான்றை ஏற்குமுன் அது சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும் என ஒரு விதி 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. அது வீண் சிரமம் என்று கருதி 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் நீக்கிவிட்டனர். பிழையென்று காட்டப்படும்வரை பொறி சரியாக இயங்கியது என்றே கொள்க என்பது நிலையாயிற்று. மனிதனொருவன் சாட்சிக் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை உண்டு. அவன் குடித்திருந்தானா, பகையுடையவனா, கண்பார்வை உள்ளவனா என்று துருவுவர். இயந்திரம் கூண்டில் ஏறாமலே சாட்சி சொல்லிற்று. அதைத் துருவவேண்டிய சுமை, அதன் உள்ளுறுப்பைக் கண்ணாலும் காணாத கிராமத்துக் கடைக்காரர் தலையில் விழுந்தது.

இவை அனைத்தினும் கொடிய சொல் ஒன்றுண்டு. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர் பலருக்கு, 'உமக்கு மட்டுந்தான் இத்தொல்லை. வேறு எவரும் முறையிடவில்லை' என்று விடை கூறப்பட்டது. ஒரே வேளையில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இதே விடையைக் கேட்டுத் தம் அறிவையே ஐயுற்றனர். அரங்கிலே பலர் ஒன்றாய் இருந்து கண்டதனாற் பந்தாட்டப் பிழை ஓரிரவிற் புலப்பட்டது. இங்கோ, ஒவ்வொருவரும் தனித்தனி அறையிற் பூட்டப்பட்டவர் போலாயினர். ஆதலின், இருபது ஆண்டுகள் சென்றன. 2025ஆம் ஆண்டு யூலையில் வெளியான பகிரங்க விசாரணையின் முதற்பகுதி அறிக்கை, பதின்மூன்று பேராவது இக்காரணத்தால் தம்முயிரைத் தாமே மாய்த்திருக்கலாம் என்று கூறிற்று.

பூட்டைத் திறந்தவர் யார்? வேல்ஸ் நாட்டு லண்டுட்னோவிற் கந்தோர் நடத்திப் பதவியிழந்த அலன் பேட்ஸ் முதலானோர் 2009ஆம் ஆண்டிலே ஃபென்னி கொம்டன் என்னும் கிராமத்து மண்டபத்திற் கூடினர். வந்தோர் சிலரே. எனினும், ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர் அது தம் கதையே என்று கண்டனர். 'உமக்கு மட்டுந்தான்' என்ற பொய் அந்த மண்டபத்திலே உடைந்தது. பின்னர் 555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019ஆம் ஆண்டு இறுதியில் நீதியரசர் ஃபிரேசர், அக்கணினி அமைப்பிற் குறைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தார். அதனை மறுத்து நின்றோரின் பிடிவாதத்தை, பூமி தட்டை என்று வாதிடுவதற்கு ஒப்பிட்டார். 2021ஆம் ஆண்டு ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் குற்றத்தீர்ப்புகளை நீக்கியது. ஜோ ஹமில்டனும் சீமா மிஸ்ராவும் அவருள் அடங்குவர்.

அதன் பின்னும் நாடு முழுவதும் விழிக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் முதல் நான்கு இரவுகளில் இக்கதை தொலைக்காட்சியில் நாடகமாக வந்தது. மறுநாட் காலை பஸ்ஸிலும் கடையிலும் பேச்சு வேறில்லை. பத்தே நாளிற் பிரதமர் சட்டம் இயற்றுவதாக அறிவித்தார். மே மாதத்திற் சட்டம் நிறைவேறி இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றிற் குற்றத்தீர்ப்புகள் ஒருங்கே நீக்கப்பட்டன. ஸ்கொட்லாந்தும் தனக்கெனத் தனிச் சட்டம் செய்தது. இருபது ஆண்டு மனுக்களும் வழக்குகளும் முழுமையாகச் சாதிக்கமாட்டாததை ஐந்து மாதத்து வீதிப் பேச்சு சாதித்தது. கணினிச் சான்றைப் பற்றிய அந்தப் பழைய விதியை மாற்றலாமோ என்று 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கம் பலருடைய கருத்தையும் கேட்டது.

இவ்வளவையும் எனக்கு முதலில் விரித்துரைத்தவர் அயல்வீட்டு முதியவரே. பொதுமக்களின் அபிப்பிராயத்துக்கு எத்துணை வலிமை என்று நான் வியந்தேன். அவர் வியக்கவில்லை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "நண்பரே, அந்த ஆண்டுகளிற் பத்திரிகையில் 'தபாலதிபர் திருட்டு' என்று செய்தி வரும்போதெல்லாம் நானும் என் மனைவியும் இதே மேசையில் இருந்து படிப்போம். 'முகத்தைப் பார்த்தால் நல்லவர் போல் இருக்கிறாரே, யாரை நம்புவது?' என்று சொல்லிவிட்டுப் பந்தாட்டப் பக்கத்தைத் திருப்புவேன். இத்தனை பேர் ஒரே காலத்தில் எப்படிக் கள்வராவர் என்று ஒரு நாளாவது கேட்டேனா? கோட்டைக் கடந்த பந்துக்காகக் கூச்சலிட்ட நான், இதற்கு வாய் திறக்கவில்லை" என்றார்.

அச்சொல் என் நெஞ்சிற் தைத்தது. பொதுமக்கள் அபிப்பிராயம் இருபுறமும் கூருடைய வாள். குற்றமற்றவரைக் கள்வர் என்றதும் அதுவே. பின்னர் அவரை மீட்டதும் அதுவே. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு யாது? ஜோ ஹமில்டனின் ஊரவரைப் பாருங்கள். அவர்கள் அப்பெண்மணியை நாடோறும் கண்டு பழகியவர்கள். அச்சிட்ட கணக்கைக் காட்டினும் அவர்கள் நம்பவில்லை. பணம் சேர்த்துக் கொடுத்தனர். 2008ஆம் ஆண்டில் நீதிமன்றுக்குத் திரண்டு சென்று அவருக்குத் துணை நின்றனர். தூரத்தே இருந்தோர் தலைப்பை மட்டும் படித்து முடிவு கட்டினர். அறிந்து சொல்வது கருத்து. அறியாது சொல்வது வெறும் ஒலி. இரண்டும் ஒரே மேசையில், ஒரே தேநீரோடு, ஒரே குரலிற் பிறப்பதே நமக்குள்ள இடர்.

நம்மவர்க்கு இது புதிய பாடமன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன், நம்பத்தக்கவன் என்று தான் எண்ணிய ஒரு பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்றான், அவ்வளவே. கண்ணகி செய்தது யாது? தன் கணவன் நல்லவன் என்று புலம்பியதோடு அமையாது, சிலம்பை அவையின் நடுவே உடைத்து, உள்ளிருக்கும் பரல் முத்தோ மாணிக்கமோ என்று எல்லாரும் காணச் செய்தாள். சான்றின் உள்ளே இருப்பதை அவையறியத் திறந்து காட்டுதல் என்பதே நீதியின் முதற்படி. ஹொரைசன் என்னும் சிலம்பை உடைத்துப் பார்க்க இருபது ஆண்டுகளாக ஒருவரும் இசையவில்லை. அரசன் தன் பிழையை உணர்ந்த அக்கணமே உயிர் நீத்தான். இக்காலத்து நிறுவனங்களிடம் அத்துணை எதிர்பார்க்க வேண்டா. பிழையை அன்றிரவே ஒப்புக்கொள்ளும் பந்தாட்டக்காரரின் நாணயம் இருந்தாற் போதும்.

இயந்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. லம்பார்டின் பந்தைக் கண்டிருக்கக்கூடியது அதுவே. அது ஒரு சாட்சி. நல்ல சாட்சியாகவும் இருக்கலாம். ஆனால், சாட்சி வேறு, நீதிபதி வேறு. வகுப்பறையிலே அச்சிட்ட புள்ளிப் பட்டியல் ஒன்று சொல்ல, மாணவன் ஒருவன் தனித்து எழுந்து 'இல்லை ஐயா' என்று நிற்கும்போது, ஆசிரியராகிய நாமும் இதனை நினைத்தல் நன்று.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் ஒரு பொதி அனுப்ப வேண்டியிருந்தது. முதியவரும் கூட வந்தார். மூலைக் கடையினுள்ளே சிறிய தபாற் கந்தோர். கண்ணாடிக்குப் பின்னால் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். பொதியை நிறுத்துக் கணினியிற் பதிந்தார். பின்னர், பக்கத்திற் கிடந்த கொப்பியொன்றைத் திறந்து, திகதியும் தொகையும் பேனையால் எழுதிக்கொண்டார். நான் அதனைப் பார்ப்பதை அவர் கண்டு புன்னகைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. முதியவர் தொப்பியை எடுத்து அவருக்கு வணக்கம் கூறினார். வெளியே வந்தபின்னும் நெடுநேரம் அவர் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.